சுபிதா டீச்சரின் ஏச்சு

சுபிதா டீச்சர் பாடம் நடத்துவது ஒரு தமிழில், ஏசுவது இன்னொரு தமிழில். அருமனையில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். இலக்கணம் நடத்தும்போது ஒவ்வொரு எழுத்தும் இடம் பார்த்து உட்காரும். கோபம் வந்துவிட்டாலோ, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அப்பாவின் வீட்டுத் தமிழ் வெளியே குதித்துவிடும். அந்த இரண்டாவது தமிழை நினைத்துப் பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரு வெட்கம். வகுப்பில் ஒரு பிள்ளை ‘இஞ்ச’ என்றால் ‘இங்கே’ என்று திருத்தாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டாள். எம்.ஏ., பி.எட். படித்ததே அதற்குத்தான் என்பது போல.

அப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டுதான் ஆன்ஸ்லின் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறான். உயிரைக் கொடுத்துப் படிப்பிக்கும் ஒரு வாத்தியார், எதற்கும் அடங்காத ஒரு மாணவன், இதுதான் அவர்கள் எடுக்கும் சினிமா. கதை நடப்பது அருமனையில். சென்னையிலிருந்து வந்திருக்கும் நடிகருக்கு ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்க வேண்டும், பத்து நாள் இருக்கிறது என்றான். அதற்குள் பேச்சு படியவில்லை என்றால் வேறு ஆளை வைத்துக் குரல் கொடுத்துவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

நடிகரின் பெயர் வேதரத்தினம், வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடமாகத் திரையில் இருக்கிறார், முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணத்தை நிறுத்த வரும் பெரியப்பா, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகும் டாக்டர், அவ்வளவுதான் இதுவரை. படம் முழுக்க வருகிற வேடம் இதுவே முதல் தடவை. அதிலும் தன் வாய் அசைய இன்னொருவர் பேசினால், இந்த நாற்பது வருடத்துக்கும் என்ன அர்த்தம்? அது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனுஷன் படிய மாட்டேன் என்றார்.

முதல் நாளே, திருநெல்வேலியும் இதுவும் ஒன்றுதானேம்மா என்று சொல்லிவிட்டு, எல்லாச் சொல்லுக்கும் வாலில் ஒரு ‘லே’ கட்டினார். வாலே, போலே, படிலே, எழுதுலே. வசனத்தில் வருகிற பெண்பிள்ளைகளைக்கூட விடவில்லை. இந்த ஊர் வாத்தியார் பிள்ளைகளை ‘மக்களே’ என்பார், ‘லே’ எல்லா இடத்திலும் வராது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் ‘லே’யில் போய் நின்றார். நடுவில் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நடிகர் என்ற கொழுப்பு என்றே அவள் முடிவு கட்டினாள். எட்டாம் வகுப்பு ‘சி’ பிரிவை மேய்த்தவளுக்கே இவர் பெரிய பாடாக இருந்தார்.

ஆனாலும் கையில் எடுத்த பிள்ளையை விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாளில் கண் வைத்து வரிவரியாக வாசித்துக் காட்டினாள். சனிக்கிழமை மார்த்தாண்டம் சந்தைக்குப் போய், மீன் விற்கிறவர்களும் வாழைக்குலை விற்கிறவர்களும் பேசுவதை போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவன் ரதீஷ் கத்தாரில் இருக்கிறான். வீடியோவில் அவனிடம் புலம்பியபோது அவன் சிரித்தான்.

“நீ என்னய ஏசுகதுனாலதான் எனக்கு இந்த ஊரு பேச்சு மறக்காம கெடக்கு. அவரயும் ரெண்டு ஏசிப் பாரு” என்றான்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் மழை. நனைந்துகொண்டு வந்து, ஏத்தன் வாழைப்பழ பஜ்ஜியும் சாயாவும் வாங்கி வைத்து, ஒரே வரியைப் பதினோரு தடவை வாசித்தாள். பன்னிரண்டாம் தடவையும் அவர் ‘லே’ போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது. எழுந்து அவர் முன்னால் போய் நின்று மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“எத்தற தடவ பறஞ்சாச்சு சாரே? ‘லே’ வேண்டாம், வேண்டாம்னு தொண்ட வத்திப்போச்சு. நான் ஒருத்தி இஞ்ச கெடந்து சாவுகேன், நீங்க ஜன்னலப் பாத்துட்டு இருக்கிய. ஒங்களுக்கு செவி கேக்காதா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்பா வயதுக்காரர். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வேதரத்தினம் எழுந்தார். அவள் தட்டிய இடத்திலேயே மேசையைத் தட்டினார். எத்தனை தடவை என்பதிலிருந்து செவி கேட்காதா என்பதுவரை அத்தனையையும் சொன்னார். ‘சாரே’யில் அவள் இழுத்த இழுப்பு, ‘சாவுகேன்’ என்றபோது கழுத்தைச் சாய்த்த சாய்ப்பு, ஒன்றும் குறையவில்லை. ஒரு ‘லே’ கிடையாது.

பிறகு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் அவள் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

“கேக்காது டீச்சர். வலது காது சுத்தமா போச்சு, மூணு வருஷமாச்சு. இடது பாதிதான். வெளிய தெரிஞ்சா யாரும் கூப்பிட மாட்டாங்க.”

சுபிதாவுக்குத் தன்னை நினைத்தே கூசியது. இத்தனை நாளும் உட்கார்ந்தது அவருடைய வலது பக்கம். அதுவும் தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத் தமிழில் வாசித்திருக்கிறாள். காதால் வாங்க முடியாத மனிதர் முகத்தைப் பார்த்தல்லவா வாங்க வேண்டும்? ஊர்ப் பேச்சு இருந்த முகத்தை அவள் இன்றைக்குத்தான் அவருக்குக் காட்டியிருக்கிறாள்.

“யார்ட்டயும் பறயமாட்டேன் சாரே” என்றாள். கோபமில்லாமல் அந்தத் தமிழ் அந்த அறையில் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மீதி நான்கு நாளும் பாடம் என்றால் ஏச்சுதான். அவருக்கு இடது பக்கமாக, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிறுத்தத்தில் நிற்காத பஸ் டிரைவரை ஏசினாள். போன் எடுக்காத ரதீஷை ஏசினாள். எட்டு ‘சி’யை ஆள் ஆளாக ஏசினாள். வேதரத்தினம் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

படப்பிடிப்பு அந்தப் பள்ளியிலேயே, விடுமுறை நாளில் காலையில் நடந்தது. வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்தது எட்டு ‘சி’யேதான். ஓடிப்போன மாணவனை மறைக்கும் வகுப்பை வாத்தியார் அதட்ட வேண்டும், பிள்ளைகள் ‘செரி சார்’ என்று சொல்ல வேண்டும். பாடத்தின் முதல் நாளில் அவர் பேசிய ‘லே’யை ஜன்னல் வழியாகக் கேட்டிருந்த பிள்ளைகள் ஒத்திகையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுபிதா கேமராவுக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும்படி நின்றாள். இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ என்றதும் அவள் தலையை அசைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் பேசி வைத்தது. அசைத்தாள்.

வேதரத்தினம் மேசையில் ஓங்கித் தட்டினார்.

“அவன் எங்க போயிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிட்டும் ஒரு வாயும் தொறக்கேல்ல. நாளைக்கு காலத்த அவன் இந்த பெஞ்சில இருக்கணும். செவி கேட்டுதா மக்களே?”

கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அடித்துப் பிடித்து நிமிர்ந்தார்கள். பின் பெஞ்சுக்காரன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: “செரி டீச்சர்.”

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கேமராக்காரர் முதல் ஆன்ஸ்லின் வரை எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு சுபிதாவைப் பார்த்தார்கள். இயக்குநர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சாருக்கு வேறு குரல் வேண்டாம், பிள்ளைகளுக்காக மட்டும் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார்.

இது எதுவும் வேதரத்தினத்துக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரிப்பது மட்டும்தான் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் செத்துவிட்டது. சுபிதா ஓடிப்போய் அவருடைய இடது பக்கம் நின்று, முகத்துக்கு நேரே சொன்னாள்.

“பிள்ளையோ ஒங்கள டீச்சர்னு விளிச்சிட்டுவ சாரே. நான் ஏசுகதுன்னு நெனச்சிட்டுவ. படத்துல ஒங்க கொரலுதான்.”

அவர் பிள்ளைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைக்கப் போனவரை, மேக்கப் போகும், இன்னொரு தடவை எடுக்க வேண்டும், போய் அசையாமல் நில்லுங்கள் என்று அவள் அதட்டினாள்.

“செரி டீச்சர்” என்றார் வேதரத்தினம்.