வரவேற்புரையில் ஒரு வரி

போன வாரம் எனக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன, திட்டுகளும் வந்திருக்கின்றன. இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்கிறேன்...

நான் தமிழ் சொல்லிக் கொடுப்பது கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுக்குப் பிப்ரவரி வந்தால் மூச்சு விட நேரம் கிடையாது. ரிவிஷன் தேர்வு, விளையாட்டு விழா, தவக்காலம் தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பேனாக்களைக் கூடையில் வைத்து ஃபாதர் மந்திரித்துத் தரவேண்டும். அம்மன் கயிறு கட்டிய பிள்ளையும் நீட்டும், முக்காடு போட்ட பிள்ளையும் நீட்டும் — பேனா விஷயத்தில் யாரும் மதம் பார்ப்பதில்லை. இதற்கு நடுவில் ஆண்டு விழா.

ஆண்டு விழா என்றால் வரவேற்புரை. வரவேற்புரை என்றால் தமிழ் டீச்சர். எழுதுவது நான், வாசிப்பது குரல் நன்றாக இருக்கிற ஒரு பிள்ளை. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு பாண்டிச்செல்வி. பெயரை மாற்றியிருக்கிறேன். 'ழ' அவள் வாயில் அத்தனை சுத்தமாக வரும். எங்கள் பக்கம் அது அபூர்வம்.

சிறப்பு விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வர முடியாது என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியை சிஸ்டர் அலைந்து திரிந்து ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியைப் பிடித்தார். நான் அதிகாரிக்குப் போட்ட 'கல்விக் கடலே'யை அடித்துவிட்டு, 'எளிய குடும்பங்கள் பலவற்றில் விளக்கேற்றி வைத்த வள்ளலே' என்று மாற்றினேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம். அந்த ஆளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வரவேற்புரைக்கு அதெல்லாம் தேவையில்லை.

மறுநாள் ஒத்திகை. மேடையில் நின்று கணீரென்று வாசித்துக்கொண்டு வந்தவள், அந்த வரியில் நின்றுவிட்டாள். மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். குரல் இல்லை. எல்லோரும் போன பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்கம்மா இவுக கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போச்சு, டீச்சர்."

எனக்கு உடனே புரியவில்லை. தீபாவளி சீசன் சமயத்தில் அவள் அம்மாவுக்கு வீட்டில் சமைக்கும்போது தீப்பிடித்துக் கை வெந்துவிட்டது என்று பள்ளிக்கே தெரியும். நானும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா? அடுப்படியில் நைலான் சேலை கட்டலாமா என்று அந்த அம்மாவுக்குப் பத்து நிமிடம் புத்தி சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலையை ஆட்டினார்.

அடுப்பும் இல்லை, நைலான் சேலையும் இல்லை. கம்பெனியில், பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வெடித்தது. வீட்டில் நடந்த விபத்து என்று எழுதிக் கொடுத்தால் வைத்தியம் பார்ப்போம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். இவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துவிட இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி. அடுத்த மாதம், மதுரையில்.

சரி, நீ வாசிக்க வேண்டாம், வேறு பிள்ளையைப் போடுகிறேன் என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

"வேண்டாம் டீச்சர். என்னைய எடுத்துட்டீகன்னா ஏன்னு கேப்பாக. போர்மேன் மக நம்ம கிளாஸ்தான். வெளிய சொல்லிட்டோம்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா ஆபரேஷன் பண்ண மாட்டாக."

பதினான்கு வயதுப் பிள்ளை இத்தனையும் யோசித்து வைத்திருக்கிறது.

சிஸ்டர் அறை வரைக்கும் போனேன். சிஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் என்ன சொல்வது? காரணத்தைச் சொன்னால் அது நாளைக்கே ஊருக்குள் போய்விடும். காரணம் சொல்லாமல் ஆளை மாற்ற முடியாது. "என்ன டீச்சர்?" என்றார். மைக் செட்டுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தைரியம் என்ற தலைப்பில் வருடா வருடம் கட்டுரைப் போட்டி நடத்துகிறவள் நான்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். 'விளக்கேற்றி வைத்த வள்ளலே' வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். 'வருக வருக' மட்டும் போதும் என்று சொல்லித் தாளை அவளிடம் கொடுத்தேன். அன்றைக்கு அதுவே எனக்கு வீரமாகத் தெரிந்தது.

விழா அன்று முதலாளி சரியான நேரத்துக்கு வந்தார். சாதுவான மனிதர், எல்லோருக்கும் கும்பிடு போட்டார். பாண்டிச்செல்வி மேடை ஏறினாள். தாளைப் பார்க்கவே இல்லை. வாசித்துக்கொண்டே வந்து, நான் அடித்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, முதலாளி பக்கம் திரும்பி, "எளிய குடும்பங்கள் பலவற்றில் விளக்கேற்றி வைத்த வள்ளலே, வருக வருக" என்றாள். 'ல'வும் 'ள'வும் துளி பிசகவில்லை. கைதட்டல்.

முதலாளிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மைக்கில் அவளைப் பாராட்டினார். "படிச்சு முடிச்சதும் நேரா நம்ம கம்பெனிக்கு வந்துரும்மா, ஆபீஸ்ல வேலை போட்டுத் தாரேன்" என்றார். அதற்கும் கைதட்டல். அவள் குனிந்து நன்றி சொன்னாள்.

இறங்கி வந்தவளை ஓரமாகக் கூட்டிப்போய், அடித்த வரியை ஏன் சொன்னாய் என்று கேட்டேன். ஒத்திகையில் போர்மேன் மகள் அந்த வரியைக் கேட்டிருக்கிறாளாம். இன்றைக்கு இல்லாவிட்டால் வீட்டில் போய்ச் சொல்வாளாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது அவளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். ஆபரேஷன் முடியும்வரை எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது தைரியமாக எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் கை வெந்த அம்மா இல்லாத வகுப்பு எங்கே இருக்கிறது? எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று தேடுவார்கள்?

அந்தப் பாராட்டைச் சொல்லவில்லையே. போன வாரம் விரல்கள் பிரிந்த கையோடு அந்த அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். விழா அன்றைக்குக் கடைசி வரிசையில், கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான்தான் எழுதினேன் என்று மகள் சொன்னாளாம். நான் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்புட்டும் நீங்கதான் எழுதுனீகளாமே டீச்சர்," என்றார். "அந்த வள்ளல் வரி ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுல அவுகளுக்கு மனசு குளுந்துபோச்சு, ஆபரேஷனைச் சீக்கிரமே பண்ணி விட்டுட்டாக."

இதுவரை நான் எழுதியதில் யாருக்காவது உபயோகப்பட்டது அந்த ஒரு பொய்தான்.