மாயாண்டி பெயரில் ஆடியவன்

மாயாண்டி அண்ணன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தை உதைத்ததில்லை. அப்படிப்பட்டவரின் முழங்காலைப் பந்தாட்டத்துக்காக உடைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மலாக்கா கோட்டை வாசலுக்கு எதிரே அவருடைய கடையும் என்னுடைய இளநீர்க் கடையும் ஒட்டியே இருந்தன. குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தப் படங்கள்தான் அவருக்கு வியாபாரம். கோட்டை, ஆறு, பூ வைத்த டிரைஷா வண்டி என்று வகைவகையாக இருக்கும். வெயிலுக்கு ஒரு பெரிய குடை. அதன் இரும்புக் கம்பியிலும் மேலிருந்து கீழ்வரை காந்தங்களை ஒட்டி வைத்திருப்பார். வலது கால் மடங்காது. உட்காரும்போது அதைக் கையால் தூக்கி முன்னால் நீட்டி வைத்துக்கொள்வார்.

எழுபத்திரண்டாம் வருடம் சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டங்களுக்கு இடையே கோப்பைப் போட்டி. தோட்டத்து செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் உள்ள தொழிலாளிதான் ஆடலாம் என்பது சட்டம். ஆனால் ஜெயிக்க வேண்டுமே! தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, பாச்சாங் ஊரிலிருந்து ஒரு முரடனைக் கூட்டி வந்து, மாயாண்டி என்று பெயர் கொடுத்து இறக்கிவிட்டார். இறுதி ஆட்டத்தன்று அண்ணன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த முரடன், தரையில் கிடந்த எதிரணி கோல்கீப்பரின் முகத்தில் பூட்ஸ் காலால் உதைத்தான். அந்தப் பையனுக்கு ஒரு கண் போயிற்று. இவர்களுக்குக் கோப்பை வந்தது.

மூன்றாம் நாள் காலை, கண் போனவனின் தோட்டத்திலிருந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேள்விப்பட்ட ஆறு பேர் ரப்பர் வெட்டுக்காட்டுக்குள் நுழைந்தார்கள்.

"எவன்டா மாயாண்டி?"

"நான்தாங்க."

அவ்வளவுதான். பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பை அவர் தோளிலிருந்தே பிடுங்கி, முழங்கால் சில்லு நொறுங்கும்வரை அடித்தார்கள். "நான் ஆடலங்க, நான் ஆடலங்க" என்று கத்தியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடி வந்த கிராணி நின்று பார்த்தார். ஆள்மாறாட்டம் வெளியே தெரிந்தால் கோப்பையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. பாவி.

காலோடு பால்மரம் வெட்டும் வேலையும் போயிற்று. பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் இருந்துவிட்டு, கடைசியில் இந்தக் கடைக்கு வந்தார். என்னிடம் அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்.

"அவன் நானில்லன்னு யாராச்சும் ஒருத்தன் வாயால சொல்லணும் மங்களம். அது போதும் லா."

தொண்ணூற்றாறில் பழைய மலாக்கா விளையாட்டுகள் என்று புதுக் காந்தங்கள் வந்தன. சைக்கிள் பந்தயம், படகுப் பந்தயம், குத்துச்சண்டை. ஒன்றில், கோப்பை ஜெயித்த அன்று எடுத்த போட்டோவில், அந்தத் தோட்டத்துக் குழு நின்றது. நடுவில் கோப்பையோடு அந்த முரடன். கீழே பொடி எழுத்தில் மாயாண்டி என்று பெயர். தூக்கி ஆற்றில் போடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. குடைக் கம்பியில், தன் கண்ணுக்கு நேராக ஒட்டி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐம்பது தாண்டிய ஒரு தடித்த ஆள் மனைவியோடு வந்தான். அந்தக் காந்தத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தான்.

"ரோசலின், இங்க வந்து பாரு! இது நான்தான்! ஆனா பேரு எவனோ மாயாண்டியாம். சவரியப்பன்னு போட வேணாமா? இத போட்டவன்கிட்ட மாத்தச் சொல்லுய்யா" என்று அண்ணன் பக்கம் திரும்பினான்.

அண்ணன் மெதுவாக எழுந்தார். "கீப்பரு கண்ண எடுத்தது யாருங்க?"

"நான்தான்யா!" என்று சிரித்தான் சவரியப்பன். "மறுநாளே சிங்கப்பூருக்குப் போயிட்டேன். அப்புறமா எவனோ ஒரு அப்பாவிய புடிச்சு கால ஒடைச்சானுங்களாம். ஆள் தெரியாத மடையனுங்க."

இருபத்து நான்கு வருடமாக அண்ணன் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது, சிரிப்போடு வந்தது. அவர் குடையின் கீழ்க் கம்பியை உருவினார். குடை சரிந்து என் இளநீர்க் குவியல்மேல் விழுந்தது. முதல் அடியிலேயே சவரியப்பன் சாய்ந்தான். இரண்டாவதும் மூன்றாவதும் அதே இடத்தில், வலது முழங்காலில் விழுந்தன. எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. கம்பியில் பாதிக் காந்தங்கள் ரத்தத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. ரோசலின் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். நான் அண்ணனின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் கையிலும் ஓர் அடி விழுந்தது. அந்த விரல் இன்றுவரை நேராகவில்லை. மறைப்பானேன், முதல் அடிக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது விழுந்த பிறகுதான் தடுக்கவே போனேன்.

போலீஸ்காரர் வந்தார். தமிழர்தான். "யார் அடிச்சது?"

"யாரோ அடிச்சிட்டு ஓடிட்டான் சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஒங்க பேரு என்ன?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் கம்பியைக் கீழே வைத்தார். அந்தக் குழுப் படக் காந்தத்தைப் பிய்த்து, சட்டையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"மாயாண்டி. இந்தப் படத்துல இருக்கறது நானில்ல சார், அந்தா கெடக்கறாரே, அவரு. மொதல்ல அத எழுதிக்குங்க." பிறகு விலங்குக்கு இரண்டு கையையும் நீட்டினார். "இந்தத் தடவ அடிச்சது நான்தான்."