பாரீஸில் தொழிலாளி, தலத்தெருவில் முதலாளி

"முதலாளியிடம் நாங்கள் பிச்சை கேட்கவில்லை, எங்கள் பங்கைக் கேட்கிறோம். நாளை முதல் வேலைநிறுத்தம்." எங்கள் அண்ணன் பாரீஸிலிருந்து எனக்கு எழுதிய ஒரு கடிதம் இப்படித்தான் தொடங்குகிறது. தேதி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதி என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

அண்ணன் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கோட்டுச்சேரியில் சிறு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பிரெஞ்சுக் குடியுரிமையோடு கப்பலேறி, பாரீஸ் புறநகரில் ஒரு கார்த் தொழிற்சாலையில் உழைத்தார். தங்கைகளின் திருமணத்தை அங்கிருந்தே பணம் அனுப்பி நடத்தினார். அந்த நன்றி எனக்கு உண்டு. இது அவருடைய நினைவு மலர் என்பதற்காக மற்றதை மறைக்கும் எண்ணம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வூதியத்தோடு திரும்பித் தலத்தெருவில் மாடி வீடு கட்டினார். பாரீஸில் அந்தப் பணம் வாடகைக்கும் ரொட்டிக்கும் சரியாகப் போயிருக்கும். இங்கே ரூபாயாக மாறியதும் தெருவே எழுந்து நின்றது. மாலையில் அவரைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் மாடி வராந்தாவில் கூடுவார்கள். அங்கே பேருந்துக்கு வரிசையில் நின்றவர்கள், இங்கே கூலி உயர்வு கேட்பவரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். இந்த மலரை வாசிக்கும் உறவினர் சிலரும் அவர் ஊற்றிய விஸ்கியைக் குடித்தபடி தலையாட்டியவர்களே. அவர்கள் ஆமோதித்தது அவர் கருத்தை அல்ல, அந்தப் புட்டியை.

ஒரு சம்பா நடவின்போது அண்ணனின் கோட்டுச்சேரி நிலத்தில் நடவு செய்யும் பெண்களுக்காகப் பேச அஞ்சலை அந்த வராந்தாவுக்கு வந்தார். அந்தக் குழுவின் தலைவி அவர்தான்.

"பக்கத்து ஊர்ல கூலிய ஏத்திட்டாங்க ஐயா. நீங்களும் பாத்து செய்யுங்க."

"நான் அங்க சங்கத்துல கொடி புடிச்சவன். எனக்கே நியாயம் சொல்றியா?"

"கொடி புடிச்சிருந்தா எங்க கஷ்டம் தெரிஞ்சிருக்குமேங்க."

"அது வேற. அங்க முதலாளின்னா கோடீஸ்வரன். நான் வெறும் பென்ஷன்காரன்."

"எங்க கண்ணுக்கு நீங்கதாங்க கோடீஸ்வரரு."

வராந்தாவில் ஒருவர் சிரித்துவிட்டார். அதைத்தான் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கி நடவை முடித்தார். அஞ்சலையின் ஆட்கள் அந்தப் பருவம் முழுவதும் வேலையில்லாமல் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சுத் தேர்தல் வந்தது. இங்குள்ள குடியுரிமைக்காரர்களும் அதில் வாக்களிப்பார்கள். அண்ணன் கோட்டு அணிந்து, ரிக்ஷாவில் போய் வாக்களித்துத் திரும்பினார்.

"யாருக்குப் போட்டீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"இடதுசாரிக்குத்தான்டா. ஏழைங்களுக்குப் பென்ஷன ஏத்தறேன்னு சொல்லியிருக்கான்."

"ஏழைன்னா யாருண்ணே?"

"என்னை மாதிரி ஆளுங்கதான்."

கேலியாகச் சொல்லவில்லை, மனதார நம்பிச் சொன்னார். வேட்பாளரை எடைபோடும்போது அவர் பாரீஸ்காரர்களோடு நின்று பார்த்தார், அதனால் ஏழை. அஞ்சலையைப் பார்க்கும்போது கோட்டுச்சேரியில் நின்று பார்த்தார், அதனால் எஜமான். இரண்டுக்கும் நடுவே மாறியது அவர் வருமானம் அல்ல, யார் பக்கத்தில் நின்றார் என்பதுதான். இதைக் கொள்கை என்று அந்த வராந்தா கொண்டாடியது. நான் அப்போதும் அதை மதிக்கவில்லை, இப்போதும் மதிக்கவில்லை.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்த அண்ணனை அண்ணி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், மழையில் நனைந்தபடி பாடையோடு நடந்தவர்களுக்கும் குடும்பத்தின் வணக்கம். வராந்தா நண்பர்கள் மாலை அனுப்பினார்கள். அஞ்சலை நேரில் வந்தார்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு, அஞ்சலையின் ஆட்கள் கேட்ட கூலியை இனிக் கொடுத்துவிடும்படி, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தரிடம் அண்ணன் சொன்னதாக அண்ணி சொல்கிறார்கள். அப்படி ஓர் உத்தரவு வரவில்லை என்கிறார் காரியஸ்தர். இந்த நடவுக்கும் பழைய கூலிதான் கைக்கு வந்தது என்கிறார் அஞ்சலை. அண்ணன் அதைச் சொன்னாரா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.