ஐந்தாவது கையெழுத்து

இன்று காலை பதுளையில், சொத்துப் பத்திரம் எழுதும் லோயரான ஒரு நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் நான்...

(ஆமாம். "லோயர் எல்லாம் எதுக்கு, நானே பாத்துக்கிறேன்" என்று வீட்டில் மார்தட்டிய அதே டீச்சரம்மா நான்தான்!)

முதலிலிருந்து சொல்கிறேன்.

மறைந்த என் அப்பாவின் ஒரே தங்கை செபமாலை அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். ஏழு பேர்ச்சஸில் சின்னதாய் ஒரு காணி வாங்கி, இரண்டு அறை வீடு கட்டி, மலையில் கூடவே கொழுந்து பறித்த சிநேகிதி ஜெயராணி சித்தியோடு வாழ்ந்தார்.

சித்திக்கு வேறு போக்கிடம் கிடையாது. தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவை எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டார்.

அத்தை காலமான பிறகு, பைபிளுக்குள் அவர் கைப்பட எழுதிய மரணசாசனம் இருந்தது. வீடு ஜெயராணிக்கு. நிறைவேற்ற வேண்டியவள் நான்.

நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். அத்தை அதையும் விசாரித்து ஐந்து கையெழுத்து வாங்கியிருந்தார். கெட்டிக்காரி!

பிறகென்ன! நானே படிவம் நிரப்பினேன், நானே போட்டோகொப்பி எடுத்தேன், நானே கோர்ட்டில் வரிசையில் நின்றேன்.

கவுண்டரில் இருந்த மிஸ் தங்கமானவர். தாளைப் புரட்டியவர் ஐந்தாவது கையெழுத்தில் விரலை வைத்தார்.

"டீச்சர், இந்த ஜெயராணி யாரு?"

"வீடு அவங்களுக்குத்தான் மிஸ்!" (என்ன பெருமை எனக்கு!)

"ஐயோ! வீடு கெடைக்கிற ஆளே சாட்சியா கையெழுத்து போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாதே டீச்சர்!"

அடுத்த பஸ்ஸில் ஏறி நேரே சித்தியிடம் போனேன்.

"ஏன் சித்தி கையெழுத்து போட்டீங்க?"

"என்னா பாப்பா இப்பிடி கேக்குற?" (எனக்கு நாற்பத்திரண்டு வயது!) "கொழுந்து நிறுக்குற எடத்துல ஒங்க அத்தை தாள நீட்டுனா. எங்க செட்டுல பெட்டிசன்னு ஒன்னு எழுதுனா எல்லாருந்தானே போடுவோம்? நாலு பேரு போடுறப்ப நான் மட்டும் ஒதுங்கி நின்னா, அவளுக என்னா நெனைப்பாளுக?"

அவ்வளவுதான் காரணம்!

விஷயத்தை விளக்கிச் சொன்னேன். சித்தி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார்.

"அப்ப நான் எங்க பாப்பா போறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடியும் கவுண்டர்.

"அப்ப வீடு யாருக்கு மிஸ் போகும்?"

"அவங்களுக்கு வேற சொந்தம் யாரு?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப ஒங்களுக்குத்தான் வரும். அதுக்கப்புறம் நீங்க அத யாருக்கு நன்கொடையா எழுதினாலும் யாரு கேக்கப் போறாங்க?"

அந்த மிஸ்ஸைக் கட்டிப்பிடிக்காத குறைதான்! (நடுவில் கண்ணாடி இருந்தது.)

மாதக்கணக்கில் அலைந்தபின் வீடு என் பெயருக்கு வந்தது. இன்று சித்திக்கு நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதும் நாள். அதற்கு மட்டும் நொத்தாரிசு இல்லாமல் முடியாது. (என் கணவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!)

பழைய சாட்சிகள் நால்வரும் அரைநாள் வேலையை விட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார்கள். உறுதிக்கு இரண்டு சாட்சிகள் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். நொத்தாரிசு பேனாவைச் சித்தி பக்கம் நீட்டினார். சித்தி இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"நான் போட மாட்டேங்கய்யா! ஒருவாட்டி போட்டுத்தான் வீடே போச்சு!"

"அம்மா, இதுல நீங்க போட்டாத்தான் வீடு. ஏத்துக்கிறேன்னு போடணும்."

சித்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடித்தார். பிறகு சிநேகிதிகளில் இருவர் சாட்சியாகப் போட்டார்கள். நொத்தாரிசு பேனாவை மூடப் போனார், சித்தி விடவில்லை.

"ஐயா, மூடிராதீங்க! மிச்ச ரெண்டு பேரும் நிக்கிறாளுக. அவளுக என்னா நெனைப்பாளுக?"

நொத்தாரிசு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் மனிதர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து நீட்டினார். இருவரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தாள் எதற்கும் செல்லாது. வீட்டுக்கு வந்ததும் சித்தி அதைத்தான் பத்திரமாக அத்தையின் பைபிளுக்குள் வைத்தார்!