மாமனார் ஏற்றிய கிராஃப்

காந்தி மார்க்கெட்டிலிருந்து வீடுகளுக்குக் காய்கறி அனுப்பும் ஆப் ஒன்றில் வேலை பார்த்தேன். யாராவது ஆர்டர் பட்டனை அழுத்தினால் சர்வரின் பதிவேடான லாக்கில் ஒரு வரி விழும். அந்த வரிகளை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டி கிராஃப் போடுவது என் புரோகிராம்.

ஒருநாள் காலை கிராஃப் செங்குத்தாக ஏறியது. முதலாளி தலைகால் புரியாமல் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். எனக்கு மட்டும் சந்தேகம். லாக்கைப் பிரித்துப் பார்த்தால், அத்தனையும் ஸ்ரீரங்கத்து போன் ஒன்றிலிருந்து வந்தவை. அந்த எண்ணுக்குப் பேசினேன்.

"காத்தாலேருந்து அழுத்திண்டே இருக்கேன், ஆர்டர் போகவே மாட்டேங்கறது. நான் உங்க முதலாளியோட மாமனார். கத்திரிக்காய் வருமா, வராதா?" என்றார் பெரியவர்.

ஒருவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே ஆர்டராக எண்ணும்படி புரோகிராமை மாற்றினேன். கிராஃப் தரையில் படுத்துவிட்டது. முதலாளிக்கு முகம் தொங்கிப்போனது.

"கணக்கு சரிதான். ஆனா முதலீடு போடறவங்க வர்றப்ப மட்டும் பழைய கிராஃப் காட்டலாமா?"

"அன்னைக்கு உங்க மாமனாரையே வந்து அழுத்தச் சொல்லுங்க சார்," என்றேன்.

முதலாளி என்னை முறைத்துவிட்டு, முதலில் அந்த ஆர்டர் பட்டனைச் சரிசெய்யச் சொன்னார்.