எங்கள் வீட்டு மதிமருப்பு

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். சென்னையில் ஒரு தேர்வை எழுதிவிட்டு மின்சார ரயிலில் திருத்தணிக்குத் திரும்பியிருந்தேன். ரயில் எவ்வளவு தாமதம் என்று வாசற்படியில் நின்று கைப்பேசியில் பார்த்ததால் நேரம் நினைவில் நின்றுவிட்டது. உள்ளே போய்ச் சமையலறை விளக்கைப் போட்டேன். மேடையின்மேல் மூன்று தம்ளர்களில் தேநீர் இருந்தது.

இரண்டு தம்ளர்கள் திறந்திருந்தன. மூன்றாவது, சிறியது, ஒரு தட்டால் மூடப்பட்டிருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவளுடைய தேநீரை முதலில் ஊற்றி மூடிவைத்த பிறகே மற்றவற்றில் சர்க்கரை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா இறந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

நான் அஞ்சல்வழியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டே, மலையடிவாரத்தில் யாத்ரீகர்களின் பைகளை வாங்கிவைக்கும் லக்கேஜ் ரூம் ஒன்றில் வேலை பார்த்துவந்தேன். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருபவர், மேலே ஏறிய முகத்தோடு திரும்புவதில்லை. முடியும் மீசையும் போய், தலையில் சந்தனம் காய்ந்திருக்கும். ஆகையால் முகங்களை நான் நம்புவதில்லை. டோக்கனைத் தொலைத்துவிட்டவரிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: “உள்ள என்னங்க இருக்கு?” பையின் சொந்தக்காரர் யோசிக்கமாட்டார். மேலாக இருக்கும் துண்டையும் வேட்டியையும் விட்டுவிட்டு, அடியில் கிடக்கும் ஏதோ ஒன்றைச் சட்டென்று சொல்லிவிடுவார். கிருத்திகை நாட்களில், ஆந்திரப் பக்கத்திலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்கும்போதும், ஒரு பை மாறிப்போனதில்லை. “இந்தப் பொண்ணாண்ட வெச்சிட்டா, எமனே வந்தாலும் டோக்கன் இல்லாம வாங்கினு போவ முடியாது” என்பார் எங்கள் முதலாளி.

வீட்டில் நான் வேறொருத்தி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேனென்றால், பால் தீய்ந்தது பக்கத்து வீட்டாருக்குத்தான் முதலில் தெரியவரும். அம்மா தன் பிறந்தகத்துத் தெலுங்கிலிருந்து எனக்கொரு பெயர் எடுத்து வைத்திருந்தாள்: மதிமருப்பு. அதாவது ஞாபகமறதி. தமிழின் ‘மறதி’யில் ஒரு பொருள் மட்டுமே தொலைகிறது, இந்தச் சொல்லிலோ மதியே சேர்ந்து போய்விடுகிறது என்று ஒருமுறை அப்பாவிடம், எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவிடம், விளக்கினேன். “அப்ப ஒனக்குக் கரெக்டாத்தான் பேர் வெச்சிக்கிறா” என்று சிரித்தார்.

நைனா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேனை ஓட்டிவந்தார். சுற்றுக் கிராமங்களின் ஒவ்வொரு திருப்பமும் அவருக்குப் பாடம். ஒரு பிள்ளையையும் அவர் காக்கவைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அம்மா போன சில மாதங்களில் வீட்டுக்குள் பொருட்கள் இடம் மாறத் தொடங்கின. சீப்பு குளிர்பெட்டிக்குள் இருந்தது. மிளகாய்த்தூள் டப்பா துணி அலமாரியிலிருந்து கிடைத்தது. நான் பரணில் ஏற்றிவைத்திருந்த அம்மாவின் செருப்பு, ஒரு நாள் மாலை, வாசலில் ஜோடியாக, உள்ளே பார்த்து இருந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

“பயந்துக்காத. ஒங்கம்மாதான் வந்துகினு போய்கினு இருக்கா. ஒன் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? இதும் கையில வூட்ட வுட்டுட்டு வந்துட்டமேன்னு பாக்க வர்றா.”

நான் நம்பவில்லை. ஆனால் விளக்கேற்றும்போது பின்னால் திரும்பிப் பாராமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

பேயைவிட எளிய விளக்கம் ஒன்று இருந்தது. அது நான். “நீதான் எங்கனா வெச்சிருப்ப” என்றார் நைனா, ஒவ்வொரு முறையும். செய்த நினைவு எனக்கு இல்லையென்பதே, நான் செய்ததற்குச் சான்றாக இருந்தது. பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் பைகளைப் பிசகாமல் காத்துவிட்டு வந்து, என் தாயின் செருப்பை நானே நினைவின்றி எடுத்து வாசலில் வைக்கிறேன் என்று எண்ணும்போது, அந்த வீட்டில் எனக்குப் பயம் தந்தவள் அம்மா அல்ல. என் உருவத்தில் அங்கே நடமாடிக்கொண்டிருந்த அந்த இன்னொருத்தி.

அன்று மாலைவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று விடிந்ததும் நான் ரயிலேறிவிட்டேன். என்னை நிலையத்தில் இறக்கிவிட்டவரே நைனாதான். அந்தத் தேநீரிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

நைனா முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சிறிய தம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். லக்கேஜ் ரூமில் கேட்கும் அதே குரலில் கேட்டேன்.

“இந்த டீ யாருக்கு நைனா?”

அவர் யோசிக்கவில்லை. “ஒங்கம்மாவுக்குதான். கடைக்குப் போயிக்கிறா. ஆறிடப்போவுதுன்னு மூடி வெச்சேன்.”

தொலைக்காட்சியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நைனா தம்ளரைப் பார்த்தார், பிறகு சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். தன் வீட்டுக்குள்ளேயே தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டவரைப் போல அவர் முகம் ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்பு வந்தது, சற்றுத் தாமதமாக.

“நீதான மூணா எடுத்து வெச்ச? மதிமருப்பு, மதிமருப்பு.”

சிரித்த வாய்க்கு மேலே அவர் கண்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அன்று வீட்டிலேயே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“ஆங், நான்தான் நைனா” என்றேன். தேநீரை நானே குடித்தேன். சர்க்கரை இல்லை.

தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் குளியலறையில் இருந்தார், நான் எடுத்தேன். வேனில் வரும் ஒரு சிறுமியின் தாய்.

“அண்ணன் இல்லீங்களா? ஒண்ணுமில்ல, பாப்பாவ இன்னிக்கு எங்க பழைய வூட்டாண்ட எறக்கிவுட்டுட்டாரு. நாங்க அத காலி பண்ணி ஒரு வருஷமாச்சு. எங்க வூட்டுக்கு வரணும்னா கரும்பு லாரி போற ரோட்டத் தாண்டணும். அது பாட்டுக்குப் பைய மாட்டிகினு கெளம்பிடுச்சி. நல்ல வேள, வூட்டுக்காரம்மா பாத்துப் புடிச்சி உக்கார வெச்சாங்க.” பிறகு குரலை இலகுவாக்கிக்கொண்டாள். “என்னாங்க, ஒங்க மறதி அண்ணனுக்கும் ஒட்டிக்கிச்சா?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கைப்பேசியை வைத்த பிறகு சமையலறையிலேயே நின்றேன். சீப்பு, மிளகாய்த்தூள், செருப்பு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதுவும் என்னுடையதல்ல. இத்தனை மாதங்களாக நைனாவின் மறதி என் பெயருக்குள் குடியிருந்திருக்கிறது. என் பெயர் அவ்வளவு பெரிதாக இருந்ததால் அதற்குள் இன்னொருவர் இருப்பது எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா சொன்னது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று மனதார ஏங்கினேன். வருவது அம்மாவென்றால் யாரும் எங்கும் தவறி இறங்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சிறுமியைத் தடுத்து நிறுத்த நாளையும் ஒரு வீட்டுக்காரம்மா வாசலில் இருப்பாள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாள் காலை, நைனா குளிக்கப் போன நேரத்தில், ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த வேன் முதலாளியின் வீட்டுக்குப் போனேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“இனிமே நைனா வண்டி எடுக்கக் கூடாதுங்க.”

“ஏம்மா, ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்பு நல்லாத்தாங்க இருக்கு. வழி மறக்குது.” முந்தின நாள் நடந்ததைச் சொன்னேன்.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“எனக்கே நேத்துதாங்க தெரியும்.”

“சரி, நான் வேற ஆள அனுப்பிக்கிறேன். அவரு கேட்டா இன்னா சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன்.”

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நைனா சட்டை போட்டு, தலைவாரி, வெறும் ஆணிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“சாவி எங்கம்மா?” அதட்டல் இல்லை. அவர் உண்மையாகவே பயந்திருந்தார்.

“காலையில கூட்டும்போது எடுத்தேன் நைனா. எங்க வெச்சேன்னு தெரியல.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. “மதிமருப்பு! பசங்கல்லாம் ரோட்ல நின்னுகினு இருக்குமே!”

“ஓனராண்ட வேற சாவி இருக்காம். இன்னிக்கு வேற ஆள் போறாராம்.”

“போவட்டும். நாளைக்கு நான் போவணும்ல? தேடு, தேடு. ஒன்ன வெச்சிகினு ஒங்கம்மா எப்படித்தான் குடித்தனம் பண்ணாளோ.” திட்டிக்கொண்டே முழங்காலிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தார். நான் அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன்.