ராபின் கேட்ட கடிதம்

பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு மாதம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தும் ஷைனி ஆயிரத்து நாற்பத்தொன்று வாங்கினாள். சொந்தக்காரர்கள் சிரித்த உளவியல் படிப்பில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். ஆங்கிலம் போதாது என்று திருப்பியனுப்பிய ஆலோசனை நிலையத்திலேயே மறுவருடம் வேலை பெற்றாள். சாவை நேரில் பார்த்தவர்கள், செல்போனில் பார்த்து மீளாதவர்கள் எல்லோரிடமும் இப்போது பொன்னேரி வீட்டின் பின்னறையிலிருந்தே இணையம் வழியாகப் பேசுகிறாள். பேச்சுக்கு இடைஞ்சல் வராதிருக்க, சரக்கு ரயில்கள் தடதடக்கும் நேரங்களை அண்ணன் எபினேசர் குறித்து அந்த அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பேசினால் துக்கம் எப்படிக் குறையும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

கும்மிடிப்பூண்டியில் அவர் வேலை பார்க்கும் இரும்பு ஆலையில், கிரேன் சங்கிலி அறுந்து உடன் வேலை பார்த்த ஜெரால்ட் இறந்தான். அந்த விபத்தை யாரோ எடுத்த வீடியோவை ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றெழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் எபினேசர்தான். மரியாதை என்றே நினைத்தார். அன்று ஜெரால்டின் பக்கத்தில் நின்றிருந்த ராபின் அதைத் தினமும் போட்டுப் பார்த்தான். பயந்துபோய் அவனுக்குத் தங்கையின் எண்ணைக் கொடுத்தார்.

முதல் மாதம் சிரித்துக்கொண்டிருந்தவன், பிறகு கம்பெனி பஸ்ஸிலேயே அழ ஆரம்பித்தான்.

“இன்னாமா, வைத்தியம் பாக்குறியா, பேஜாரு பண்றியா? நல்லா இருந்த ராபின் அழுதுக்கினே வர்றான்.”

“என்கிட்ட யாரு பேசுறாங்கன்னு சொல்லமாட்டேண்ணா. அழுதா கெட்டுப்போயிட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னது?”

ராபின் திங்கட்கிழமையிலிருந்து அதே கிரேனடியில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது என்றது நிர்வாகம். உளவியலாளர் கடிதம் இருந்தால் வேறு பிரிவு தருவார்களாம்.

“ஒரு கையெழுத்துதான? போட்டுக் குடு. அவன் எனக்குத் தம்பி மாதிரி.”

“வேணும்ங்கிறவங்க கேக்கட்டும். உனக்காகப் போடமுடியாதுண்ணா.”

அதுவரை அவள் அறிக்கைகளில் மூத்தவர் ஒருவர்தான் கையெழுத்திட்டுவந்தார். தனியாகப் போட அந்த மாதம்தான் அனுமதி கிடைத்திருந்தது. பயப்படுகிறாளா, வீடியோவுக்காகத் தன்மேல் கோபமா என்று எபினேசர் குழம்பினார். தன் செல்போனிலிருந்து வீடியோவை அழித்தார், குழுவில் அதை ஏற்கெனவே நூற்று அறுபத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

திங்கள் காலை பஸ் நிறுத்தத்தில் ராபின் ஒரு காகிதத்தை நீட்டினான்.

“பேக்கிங் பிரிவுக்குப் போறேன்ணே. முந்தாநேத்து இந்த லெட்டர நானே கேட்டேன். கேக்க வாய் வரவே ஒரு மணி நேரம் ஆச்சு. உன் தங்கச்சி உன்ன மாதிரி இல்ல. கேக்காம எதையும் அனுப்பமாட்டாங்க.”

கிண்டலா, மன்னிப்பா? எபினேசருக்கு விளங்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார். கீழே எம். ஷைனி. தங்கை தன் பெயரில் போட்ட முதல் கையெழுத்து. 22.02.2025, சனிக்கிழமை.